பழைய சனா பட்டியலில்தான் இருக்கிறது

போரில் சிதைந்ததால் ஏமனின் பழைய சனா நகரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக மேலே ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நீக்கவில்லைங்க. 1986-இல் சேர்த்தது, இன்றும் இருக்கிறது. 2015-இல் அதை 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலிலும் சேர்த்தார்கள், அவ்வளவுதான். அது கைவிடுவது இல்லை, பாதுகாக்க உதவி கேட்கும் அறிவிப்பு. குண்டுவீச்சில் வீடுகள் இடிந்தது உண்மை. ஆனால் வெள்ளைச் சாந்துக் கோலமும் வண்ணக் கண்ணாடிச் சாளரமும் கொண்ட அந்தச் செங்கல் அடுக்கு வீடுகளில் இன்னும் ஜனங்கள் குடியிருக்கிறார்கள். முடிந்துபோன ஊர்போல அதைப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. சந்தேகம் இருந்தால் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளத்தில் சனாவைத் தேடுங்கள். இரண்டு ஆண்டுகளும் ஒரே பக்கத்தில் இருக்கும். அப்புறம் 2021-இல் நிஜமாகவே நீக்கப்பட்ட லிவர்பூலின் பக்கத்தையும் பாருங்கள், வித்தியாசம் புரியும்.