பத்து வருஷக் கணக்கு எந்த இடஒதுக்கீட்டுக்கு?

"இடஒதுக்கீடு பத்து வருஷம் போதும் என்று அம்பேத்கரே சொன்னார், ஓட்டுக்காக நீட்டிக்கொண்டே போகிறார்கள்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் ஒரு படம் வந்திருக்கிறது. தவறு. பத்து வருஷக் கெடு இருந்தது உண்மைதான், ஆனால் அது படிப்புக்கும் வேலைக்கும் இல்லை.

அரசியல் சட்டத்தின் 334-ஆவது பிரிவு மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஒதுக்கிய தொகுதிகளைப் பற்றியது, கெடு இருப்பது அதற்குத்தான், அதைத்தான் பத்துப் பத்து வருஷமாக நீட்டுகிறார்கள், கடைசியாக 2019-இல் 104-ஆவது திருத்தத்தில் 2030 ஜனவரி வரை. அந்தக் கெடுவும் அம்பேத்கர் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. இன்னும் நீண்ட காலம் கேட்கத் தாம் தயாராக இருந்ததாக 1949-இல் அரசியல் நிர்ணய சபையிலேயே சொல்லியிருக்கிறார்.

அரசு வேலை இடஒதுக்கீட்டுக்கான 16(4)-ஆவது பிரிவில் கெடு என்று ஒரு வார்த்தை கிடையாது. கல்லூரி இடங்களுக்கான 15(4) ஆரம்பத்தில் இல்லவே இல்லை. கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்ன பிறகு, 1951-இல் முதல் திருத்தமாக வந்தது. இல்லாத பிரிவுக்கு 1950-இல் யார் கெடு வைப்பது?

சரி, இடஒதுக்கீடு வேண்டாம் என்று வாதாட யாருக்கும் உரிமை உண்டு. ஒரே சாதிக்குள் வசதியான குடும்பங்களே திரும்பத் திரும்பப் பலன் பெறுகின்றன என்ற கேள்வி நியாயமானதுதான், அதைப் பேசலாம். அதற்கு அம்பேத்கர் பெயரில் பொய்ச்சாட்சி எதற்கு?