எனக்கு ஊர் இல்லை என்று யார் சொன்னது?

சனிக்கிழமை நேரலையில் நடந்ததை நிறைய பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் அந்த நாற்பது விநாடித் துண்டு இந்நேரம் வாட்ஸப்பில் வந்து சேர்ந்திருக்கும், அதனால் முழுக் கதையையும் திரும்பச் சொல்லப் போவதில்லை. வெளிநாட்டில் இருக்கும் நான், ஊர்க் கூட்டத்தில் அம்மா இருக்கும் தெருவைப் பற்றிப் பேசி முடிப்பதற்குள் ஒரு அண்ணன் குறுக்கிட்டு, "உங்களுக்கென்னம்மா, நீங்க உலகக் குடிமகள், யாதும் ஊரே! ஊர் விஷயத்தை ஊர்ல இருக்கிறவங்க பேசிக்கிறோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என் மைக்கை அணைத்துவிட்டார்கள். மூன்று நாளாக அந்தச் சிரிப்பு காதை விட்டுப் போகவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் இல்லாமல் இல்லை, ஊர் கூடிப்போய்விட்டது. இரண்டும் ஒன்றல்ல. நாலு பிள்ளை பெற்றவளைப் பார்த்து உனக்குப் பிள்ளைப் பாசம் கிடையாது என்று யாராவது சொல்வார்களா? ஊர் விஷயத்தில் மட்டும் சொல்கிறார்கள், கூசாமல் சொல்கிறார்கள்.

ஆறாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். அப்பாவின் வேலை காரணமாக அதற்குள் மூன்று நாடுகளில் இருந்தாகிவிட்டது, எனக்கு அது நாலாவது பள்ளி. நான் மூன்று ஊரையும் எழுதினேன். முதல் ஊரின் மழைச் சத்தம், இரண்டாவது ஊரில் மாடிப்படிக்குக் கீழே நான் ஒளிந்துகொள்ளும் இடம், மூன்றாவது ஊரில் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுத் தாத்தா. மறுநாள் நோட்டு திரும்பி வந்தபோது இரண்டு ஊரைச் சிவப்பு மையில் குறுக்கே அடித்து, ஓரத்தில் 'ஒரு ஊரைப் பற்றி மட்டும் எழுதவும்' என்று எழுதியிருந்தது. அடித்ததில் தாத்தாவும் போய்விட்டார். வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மாவுக்கு ஏன் என்று புரியவில்லை, மதிப்பெண் குறைந்ததற்குத்தான் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சனிக்கிழமை மைக் அணைந்தபோது எனக்கு அந்தச் சிவப்புக் கோடுதான் ஞாபகம் வந்தது.

சரி, 'யாதும் ஊரே' என்ற அந்த வரிக்கு வருகிறேன். எங்களைப் போன்றவர்களைக் கண்டாலே எல்லாருக்கும் வாயில் வந்துவிடுகிற வரி அது. அதைச் சொன்னவர் சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனார். கணியன், அதாவது காலம் கணித்துச் சொல்கிறவர், என்பது அவர் தொழில், பூங்குன்றம் அவர் ஊர். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அவரைக் கூப்பிட நம்மிடம் வேறு பெயரே இல்லை. எல்லாம் என் ஊர் என்று சொன்ன மனிதர் தன் ஊரைப் பெயரிலேயே சுமந்துகொண்டிருக்கிறார், ஈராயிரம் வருஷமாகியும் அது உதிரவில்லை. ஒரு ஊரை விட்டால்தான் உலகம் ஊராகும் என்று அவர் எங்கே சொன்னார்?

அதே பாட்டில் கொஞ்சம் தள்ளிப் போனால் கல்லில் மோதி இரையும் பெரிய ஆறு வருகிறது, அதில் ஒரு புணை, அதாவது தெப்பம், மிதந்து போகிறது, உயிரும் அப்படித்தான் போகும் என்கிறார். புணையில் போகிறவன் கரையை வேண்டாம் என்று சொல்லிவிட்டா போகிறான்? தண்ணீர் கொண்டுபோகிறது. இந்தப் பாதியை யாரும் மேடையில் சொல்வதில்லை. பாட்டு எங்கே போய் முடிகிறது என்பதையும் சொல்வதில்லை. பெரியவர்களைக் கண்டு வியப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்ற பொருளில் 'சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே' என்று முடிகிறது. அந்தப் பாட்டின் முதல் வரியை எடுத்து ஒருத்தியைக் கூட்டத்தில் இகழ்வதற்குப் பயன்படுத்தியதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

உலகக் குடிமகன் என்ற சொல்லும் வசதியில் பிறந்த சொல் இல்லை. பழைய கிரேக்கத்தில் டயோஜெனிஸ் என்ற தத்துவஞானியிடம் நீ எந்த ஊர் என்று கேட்டபோது, உலகத்தின் குடிமகன் என்று பதில் சொன்னதாகத்தான் அந்தச் சொல்லின் கதை தொடங்குகிறது. அவர் சினோப் என்ற ஊரில் பிறந்து, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர். ஊரைப் பறிகொடுத்தவன் வாயில் வந்த சொல் அது. 2016-இல் பிரிட்டன் பிரதமர் தெரசா மே, நீங்கள் உலகக் குடிமகன் என்று நம்பினால் எங்குமே குடிமகன் இல்லை என்ற பொருளில் கட்சி மாநாட்டில் பேசினார். அன்றைக்கும் கை தட்டினார்கள்.

இனி வரப்போகும் கமெண்டுகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

இது வசதியானவர்களின் புலம்பல், நாடே இல்லாதவர்களைப் பார் என்பீர்கள். இதை மறுக்கவே மாட்டேன். ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடியுரிமை பெறும் உரிமை உண்டு என்று 1948-இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் 15-ஆவது பிரிவில் எழுதி வைத்தது. அதற்கும் முன்னால், நாடிழந்த அகதிகளுக்காக 1922-இல் நான்சென் பாஸ்போர்ட் என்று ஒன்றைக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இத்தனைக்குப் பிறகும் எந்த நாடும் என் குடிமகன் என்று சொல்லாத மனிதர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். என் கையில் ஒரு பாஸ்போர்ட் இருக்கிறது, கதவு திறக்கிறது. அவர்கள் வலியோடு என் வலியை நான் ஒருநாளும் ஒப்பிட்டதில்லை. ஆனால் பெரிய வலி ஒன்று இருக்கிறது என்பதற்காகச் சின்ன வலியைப் பார்த்துச் சிரிக்கலாமா?

உலகக் குடிமகள் என்றால் பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட வேண்டியதுதானே என்று அந்தத் துண்டுக்குக் கீழேயே ஒருவர் கேட்டிருந்தார். போட்டவர் இருந்தார். கேரி டேவிஸ். இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசும் விமானம் ஓட்டியவர், 1948-இல் பாரிஸுக்குப் போய் அமெரிக்கக் குடியுரிமையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உலகக் குடிமகன் என்று அறிவித்துக்கொண்டார். பிறகு உலக பாஸ்போர்ட் என்று தானே ஒன்றை உருவாக்கி அதை வைத்துக்கொண்டு எல்லைகளைக் கடக்கப் பார்த்தார், பல முறை பிடித்து வைத்தார்கள், 2013-இல் இறக்கும்வரை அவர் அந்த முயற்சியை விடவில்லை. எனக்கு அந்தத் துணிவு கிடையாது. அந்தப் பட்டத்தை நான் எனக்குச் சூட்டிக்கொள்ளவும் இல்லை, சூட்டியது அந்த அண்ணன்.

அப்புறம், உன்னை யார் போகச் சொன்னது என்ற கேள்வி. இதற்குப் பொறுமையாகப் பதில் சொல்ல என்னால் முடியாது. ஆறு வயதில் பெட்டி கட்டியபோது என்னை யாரும் கேட்கவில்லை. பிறகு நானாகப் போனதும் உண்மை, வேலை அங்கே இருந்தது, போனேன். போனவள் வீட்டை மறந்துவிடுவாள் என்று எந்தக் கணக்கில் சொல்கிறீர்கள்? என் போனில் மூன்று கடிகாரம் ஓடுகிறது. ராத்திரி இருட்டில் எழுந்தால் இன்றைக்கும் கை இடப்பக்கச் சுவரில் சுவிட்சைத் தடவுகிறது, அங்கே வெறும் சுவர்தான் இருக்கும். அது மூன்று வீட்டுக்கு முன்னால் இருந்த சுவிட்ச். ஒவ்வொரு வீட்டையும் உடம்பு இப்படி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது, பற்று இல்லையாம் எனக்கு.

அப்பா போன அன்று இரண்டு விமானம் மாறி வந்தேன். வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே சொந்தக்கார அக்கா ஒருவர் கேட்டார், "எப்பம்மா வந்தே?" நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி, "எப்பக் கிளம்புறே?" அவர் பாசத்தோடுதான் கேட்டார், எனக்குத் தெரியும். ஆனால் நான் வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவின் கண்ணாடி இன்னும் மேசையில், அவர் மடித்து வைத்தபடியே இருந்தது. பன்னிரண்டாவது நாள் திரும்பிப் போனபோது விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, எதற்காக வந்திருக்கிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள் என்று கேட்டார். அந்த நாட்டில் நான் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். என் பிள்ளைகள் அங்கே தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரண்டு வாசலிலும் ஒரே கேள்வி, நடுவில் நான் யாரிடம் போய் அழுவது?

எல்லா இடத்திலும் எனக்கு வீடு இருக்கிறது என்பது உண்மை. எந்த ஊரில் இறங்கினாலும் இரண்டு நாளில் பால் எங்கே வாங்குவது, பேருந்து எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு, மூன்றாம் நாள் யாரோ ஒருவருக்கு வழி சொல்லிக்கொண்டிருப்பேன். எந்த இடமும் முழுசாக என்னை வைத்துக்கொள்வதில்லை என்பதும் உண்மை. சனிக்கிழமை நான் பேச வந்தது அம்மா இருக்கும் தெருவைப் பற்றி. அந்தத் தெரு எனக்கும் ஊர். வருஷத்துக்கு மூன்று வாரம்தான் இருக்கிறேன் என்பதால் மூன்று வாரத்துக்கான அன்புதான் இருக்கும் என்று யாரும் அளந்து சொல்ல வேண்டாம்.

நேற்று அடுத்த கூட்டத்துக்கான படிவம் வந்தது. பெயர், தொழில், ஊர் என்று மூன்று கட்டம். ஊர் என்ற கட்டம் சின்னது, எழுத்தைச் சுருக்கிச் சுருக்கி நான்கு ஊரையும் எழுதி அனுப்பிவிட்டேன். ஒன்றை மட்டும் எழுதச் சொல்லித் திருப்பி அனுப்பினால் மறுபடியும் நான்கையும் எழுதுவேன். கூட்டத்துக்கும் வருவேன். அன்றைக்குப் பாதியில் நின்றுபோன பேச்சு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.