ஆன்டீட்டம் போர்க்களத்தில் ஒரு செங்கல் சிலுவை

அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலம், ஷார்ப்ஸ்பர்க் ஊரை ஒட்டி ஆன்டீட்டம் போர்க்களம் இருக்கிறது. உள்நாட்டுப் போரின்போது 1862 செப்டம்பர் 17 அன்று ஒரே பகலில் ஏறக்குறைய 23,000 பேர் இங்கே செத்தும் காயம்பட்டும் காணாமலும் போனார்கள். அமெரிக்க வரலாற்றில் இதைவிட ரத்தம் சிந்திய ஒற்றை நாள் கிடையாது. இப்போது போய்ப் பார்த்தால் சோளக்காடு, மரவேலி, நல்ல காற்று. நடுநடுவே நினைவுக் கற்கள். எந்தப் படைப்பிரிவு எங்கே நின்றது, எந்தத் தளபதி எங்கே விழுந்தார் என்று சொல்லும் கற்கள்.

களத்தின் வடகோடியில், பாஃபென்பெர்கர் பண்ணைக்குப் பக்கத்தில், சாலையோரமாக ஒரு கரடுமுரடான கல் நிற்கிறது. காரில் போனால் கவனிக்காமலே கடந்துவிடலாம். சிலை இல்லை, வாள் இல்லை. கீழ்ப்பகுதியில் சிவப்புச் செங்கல்லில் செய்த ஒரு சிலுவைக் குறி. அன்று இங்கே காயம்பட்டவர்களுக்குப் பணிசெய்த கிளாரா பார்ட்டன் என்ற பெண்ணின் நினைவுக் கல் இது. அந்தச் செங்கல், மாசசூசெட்ஸில் அவர் பிறந்த வீட்டின் புகைபோக்கியிலிருந்து எடுத்தது. போர் நடந்து நூறு வருடம் கழித்து, 1962 செப்டம்பரில்தான் இதை நட்டார்கள். பார்ட்டன் இறந்தே அப்போது ஐம்பது வருடம் ஆகியிருந்தது.

அந்தக் கல்லின் முன் நான் வெகுநேரம் நின்றேன். அந்தச் செங்கல் என் மனதை உருக்கிவிட்டது. ஆனால் மேலே பொறித்திருக்கும் வாசகத்தில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. காயம்பட்டவர்களுக்கு அவர் பொருள்களும் பணிவிடையும் கொண்டுவந்தார், அன்பும் கருணையும் கொண்ட இந்தச் செயல்தான் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் பிறக்க வழிவகுத்தது என்று அது சொல்கிறது. பொய்யில்லை. அன்பு இருந்தது, கருணையும் இருந்தது. ஆனால் அன்று உயிரைக் காப்பாற்றியது அது மட்டும்தானா?

பார்ட்டன் வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகத்தில் எழுத்தர். அரசு அலுவலகத்தில் பெண் உட்கார்ந்து வேலை பார்ப்பதே பலருக்குக் கண்ணை உறுத்திய காலம். 1861-இல் போர் தொடங்கியதும், கையில் எதுவுமில்லாமல் ஊருக்குள் வந்து சேர்ந்த சிப்பாய்களுக்குத் தன் வீட்டுத் துணிமணியையும் சாப்பாட்டையும் கொடுத்து ஆரம்பித்தார். அப்புறம் ஊர் ஊராகக் கேட்டு வாங்கினார். அறை நிறைந்தது, கிடங்கு பிடிக்க வேண்டியதாயிற்று. பொருள் சேர்ந்துவிட்டது, களத்துக்குப் போக அனுமதி இல்லை. போர்முனைக்குப் பெண் போவதா என்று தயங்கியவர்களைத் தாண்டி, படையின் வண்டி வாகனங்களைக் கவனித்துவந்த டேனியல் ரக்கர் என்ற அதிகாரியிடம் போய், வண்டியும் அனுமதிச் சீட்டும் வாங்கினார்.

அடுத்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். படையின் பின்னால் வண்டிகள் மைல்கணக்கில் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னால் பீரங்கி, அப்புறம் வெடிமருந்து, சாப்பாடு. காயத்துக்கான பொருள்கள் கடைசியில். அந்த வரிசையிலேயே போனால் சண்டை முடிந்து நாளாகித்தான் போய்ச் சேர முடியும் என்று பார்ட்டனுக்குப் புரிந்தது. எல்லோரும் வண்டியை ஓரங்கட்டித் தூங்கிக்கொண்டிருந்த நடுராத்திரியில் தன் ஆட்களை எழுப்பி, கோவேறு கழுதைகளைப் பூட்டச் சொல்லி, வரிசையை முந்திக்கொண்டு போய்ப் பீரங்கிகளுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

அதனால்தான் சண்டை நடக்கும்போதே அவர் அங்கே இருந்தார். பண்ணைவீட்டில் மருத்துவர்களிடம் கட்டுத்துணி தீர்ந்துபோய், காயத்தின்மேல் சோளத் தோகையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பார்ட்டனின் வண்டி வாசலில் வந்து நின்றது. இருட்டியதும் விளக்கு இல்லாமல் மருத்துவர்கள் தவித்தபோது, பெட்டியிலிருந்து லாந்தர்களை எடுத்துக் கொடுத்தார். ராத்திரியில் காயம்பட்டவர்கள் வந்து குவிவார்கள், வெளிச்சம் வேண்டும் என்று வாஷிங்டனிலேயே யோசித்து வைத்த பெண் அவர். கொண்டுவந்த ரொட்டி தீர்ந்தது. கடைசியாக மிஞ்சிய ஒயின் பெட்டிகளைத் திறந்தால், புட்டிகள் உடையாமல் இருக்க மரத்தூளுக்குப் பதில் சோள மாவைப் போட்டு அடைத்திருந்தார்கள். அந்த மாவை அள்ளி, பண்ணைவீட்டு அண்டாக்களில் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்.

அடிபட்டுக் கிடந்த ஒருவரைத் தாங்கிப் பிடித்துத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஒரு குண்டு பார்ட்டனின் சட்டைக் கையைத் துளைத்துக்கொண்டு அந்த மனிதரின் நெஞ்சில் பாய்ந்தது. பார்ட்டனின் கையிலேயே அவர் உயிர் போனது. சட்டையின் அந்த ஓட்டையைக் கடைசிவரை தைக்கவே இல்லை என்று பின்னாளில் பார்ட்டனே சொல்லியிருக்கிறார். இன்னொருவர் கன்னத்தில் தைத்த குண்டை எடுத்துவிடச் சொல்லிக் கெஞ்ச, பேனாக்கத்தியால் எடுத்துவிட்டார். தொடையில் அடிபட்டிருந்த வேறொரு சிப்பாய்தான் ஊர்ந்து வந்து தலையைப் பிடித்துக்கொண்டார்.

கூடவே பணிசெய்த ஜேம்ஸ் டன் என்ற மருத்துவர் 'போர்க்களத்தின் தேவதை' என்று எழுதினார். அவர் மனதார எழுதியது அது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தேவதை என்றால் எல்லாம் தானாக நடந்துவிட்டது போல ஆகிவிடுகிறது. பெட்டி கட்டியதும், அனுமதிக்கு அலைந்ததும், நடுராத்திரியில் வண்டி பூட்டியதும் யார் கண்ணுக்கும் படாமல் போகிறது.

இதே களத்தின் தென்பகுதியில், பர்ன்சைட் பாலத்துக்குப் பக்கத்தில், வில்லியம் மெக்கின்லிக்கு உயரமான நினைவுச்சின்னம் இருக்கிறது. அன்று அவர் படைக்கு உணவு வழங்கும் சார்ஜென்ட். குண்டு பறக்கும்போது சிப்பாய்களுக்குச் சுடச்சுடக் காபி கொண்டுபோய்க் கொடுத்தார். பிற்பாடு நாட்டின் அதிபரானார். 1901-இல் சுட்டுக் கொல்லப்பட்டார், 1903-இல் சின்னம் வந்துவிட்டது. அந்தக் காபியைச் சிறுமைப்படுத்தவில்லை, பசித்த வயிற்றுக்கு அது அமிர்தம்தான். ஆனால் அவர் சின்னத்தில் என்ன செய்தார் என்று இருக்கிறது பாருங்கள். யாரும் உத்தரவிடாமல் தானே போய்ப் பரிமாறினார் என்று எழுதி, அதைச் சிற்பமாகவும் செதுக்கியிருக்கிறார்கள். பார்ட்டனின் கல்லில் அன்பும் கருணையும் இருக்கின்றன. லாந்தர் இல்லை, சோள மாவு இல்லை.

அந்தக் கல்லை மாற்றச் சொல்லமாட்டேன். செங்கல் அங்கேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு சின்னப் பலகையாவது வைத்து, அந்த வண்டியில் என்னென்ன வந்தது, வரிசையை எப்படி முந்தினார் என்று எழுதினால் போதும். அதைப் படிக்கும் ஒரு சிறுமிக்குத் தேவதையாகப் பிறக்க வேண்டியதில்லை என்று புரியும்.

ஆன்டீட்டத்திலிருந்து திரும்பிய பார்ட்டன் டைபாய்டு காய்ச்சலில் விழுந்தார். எழுந்து நடக்க முடிந்ததும் மறுபடி ரக்கரிடம் போய், ஐந்து வண்டி இருந்திருந்தால் அங்கே கிடந்த அத்தனை பேருக்கும் பொருள் போதியிருக்கும் என்று சொன்னார். அடுத்த முறை போதுமான அளவு வண்டி தருகிறேன் என்றார் ரக்கர்.