“கொஞ்சம் அடங்கியிருக்கலாமே” என்றவருக்கு

ஞாயிற்றுக்கிழமை திரையிடலுக்குப் பின் நடந்ததைப் பற்றி இங்கே ஆளுக்கொரு விதமாக எழுதிவிட்டீர்கள். நான் குரலை உயர்த்தியது உண்மைதான், மறுக்கவில்லை. எதற்காக உயர்த்தினேன் என்பதை மட்டும் ஒருவரும் எழுதாததால், அதை நானே எழுத வேண்டியிருக்கிறது.

உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பரான அமெரிக்கர் ஜாக் ஜான்சனைப் பற்றிக் கென் பர்ன்ஸ் எடுத்த ஆவணப்படத்தை ஏறத்தாழ மூன்றரை மணி நேரம் பார்த்து முடித்த கையோடு ஒரு மூத்த நண்பர் எழுந்து, “எல்லாம் சரி, ஜாக் ஜான்சன் கொஞ்சம் அடங்கியிருந்தால் இவ்வளவு துன்பம் வந்திருக்காதே” என்றார். அடக்கத்தின் பெருமையைச் சொல்லும் செய்யுள் ஒன்றையும், பள்ளிக்கூடத்தில் ஒப்பித்த அதே இராகத்தில் சொன்னார். அரங்கில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். அவர் சொன்னதைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தத் தலையாட்டலைத்தான் பொறுக்க முடியவில்லை.

படத்தின் பெயர் ‘அன்ஃபர்கிவபிள் பிளாக்னஸ்’. மன்னிக்க முடியாத கறுமை என்று பொருள். அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸ் 1914இல் எழுதிய தொடர் அது. ஜான்சன் மீது ஒரு நாடே அருவருப்புக் கொள்வதற்குக் காரணம் அவருடைய நிறம்தான் என்று டு பாய்ஸ் அன்றே எழுதிவிட்டார். நண்பரின் கேள்விக்கான விடை அரங்க வாசலில் ஒட்டியிருந்த சுவரொட்டியிலேயே இருந்தது. உள்ளே நுழையும்போது அதன் முன் நின்று அவர் தற்படமும் எடுத்துக்கொண்டார்.

அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1878இல் டெக்சஸின் கால்வெஸ்டனில் பிறந்தவர் ஜான்சன். ஹெவிவெயிட் பட்டத்துக்காக, அதை அப்போது வைத்திருந்த வெள்ளையர் டாமி பர்ன்ஸை ஊர் ஊராகத் துரத்தி, கடைசியில் 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில்தான் அவரை மேடையேற்ற முடிந்தது. பர்ன்ஸுக்கு 30,000 டாலர், ஜான்சனுக்கு 5,000 டாலர். அந்தக் கூலிக்கும் ஒப்புக்கொண்டுதான் அவர் மேடை ஏறினார். அடக்கம் என்று நீங்கள் சொல்வது அதில் சேராதா? பதினான்காம் சுற்றில் காவல்துறையினர் ஆட்டத்தை நிறுத்தினார்கள். வெள்ளையர் ஒருவர் அடி வாங்கிச் சரிவதை உலகம் பார்த்துவிடக்கூடாது என்று படக்கருவியும் நின்றது.

பட்டம் ஜான்சனிடம் போனதும், அதை மீட்க உடனே ஒரு வெள்ளையரைத் தேடினார்கள். பட்டம் வைத்திருந்த காலத்தில் எந்தக் கறுப்பருக்கும் அதற்காக மோத வாய்ப்பளிக்காமல், 1905இல் ஓய்வு பெற்றுப் பருத்துப்போயிருந்த ஜேம்ஸ் ஜெஃப்ரிஸைப் பண்ணையிலிருந்து அழைத்து வந்தார்கள். 1910 ஜூலை 4, நெவாடாவின் ரீனோ நகரம், கொளுத்தும் வெயில். படத்தில் அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். ஜெஃப்ரிஸின் மூலையில் நின்ற முன்னாள் சாம்பியன் ஜிம் கார்பெட் வாய் ஓயாமல் வசை பாடுகிறார். ஜான்சனோ ஜெஃப்ரிஸைக் கைகளுக்குள் இறுக்கிக்கொண்டு, அவருடைய தோளுக்கு மேலாகக் கார்பெட்டுக்குப் பதில் சொல்லிச் சிரிக்கிறார். நண்பரை உறுத்தியது அந்தத் தங்கப்பல் சிரிப்பு. கார்பெட்டின் வசை அவரை உறுத்தவில்லை. பதினைந்தாம் சுற்றில் ஜான்சன் வென்று ஆட்டம் முடிந்தது. அன்றிரவு அமெரிக்காவின் பல நகரங்களில் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தார்கள், கொன்றார்கள். அவர்கள் என்ன அடங்காமல் இருந்தார்கள்? 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுசெல்லத் தடைவிதித்து நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. ஒரு மனிதரின் வெற்றியைக் கண்ணால் பார்ப்பதற்கே தடை!

“ஜோ லூயிஸ் அடக்கமாக இருந்தார், அவரை எல்லோரும் கொண்டாடினார்களே” என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். 1937இல் அதே பட்டத்தை வென்ற கறுப்பர் லூயிஸ். நல்ல கேள்வி, இதற்கு நின்று நிதானமாகப் பதில் சொல்கிறேன். ஜான்சனுக்கு முன்பே பீட்டர் ஜாக்சன் என்ற கறுப்புக் குத்துச்சண்டை வீரர் இருந்தார். பண்பாளர் என்று எதிரிகளே புகழ்ந்த அவருடன், குடித்துவிட்டு மதுக்கடைகளில் சவால் விட்ட அன்றைய வெள்ளைச் சாம்பியன் ஜான் எல். சல்லிவன் மோத மறுத்தார். ஜான்சனுக்குப் பின்பு ஹாரி வில்ஸ் என்ற கறுப்பு வீரர் இருந்தார். குடிப்பழக்கமோ வம்போ இல்லாத அந்த மனிதர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தும், பட்டம் வைத்திருந்த வெள்ளையர் ஜாக் டெம்ப்ஸியுடன் மோதும் வாய்ப்புக் கடைசிவரை கிட்டவில்லை. 1915 முதல் 1937 வரை, 22 ஆண்டுகள், ஒரு கறுப்பரையும் அந்தப் பட்டத்துக்கு அருகில் விடவில்லை. லூயிஸிடம் இருந்த அடக்கமோ அவருடைய மேலாளர்கள் வகுத்துக்கொடுத்த விதி: வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே, விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே. அப்படியே நடந்தார். போர்க்காலத்தில் தன் பரிசுப் பணத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். பிறகு வருமானவரித் துறை அவரை ஆண்டுக்கணக்கில் துரத்தியது. கடைசிக் காலத்தில் லாஸ் வேகஸில் ஒரு சூதாட்ட விடுதியில், வருகிறவர்களை வரவேற்கும் வேலையில் இருந்தார். இதைத்தான் பரிசு என்கிறீர்களா?

என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1994இல் முதல் சம்பளத்தில் ஒரு கூலிங் கிளாஸ் வாங்கினேன், நடைபாதைக் கடையில், பேரம் பேசி. அதைப் போட்டுக்கொண்டு ஊரில் பேருந்தை விட்டு இறங்கியபோது, டீக்கடை பெஞ்சில் இருந்த பெரியவர், “என்னடா, கண்ணு அவிஞ்சு போச்சா?” என்று கேட்டார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் இன்றுவரை வலிக்கிறது. எனக்காகக் காத்திருந்த அம்மா ஒரு சொல்லும் சொல்லாமல் என் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றித் தன் முந்தானையில் முடிந்துகொண்டு, எங்கள் தெரு வந்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். அதே வாரம் அந்தப் பெரியவரின் பேரனும் அதே மாதிரிக் கண்ணாடி போட்டுத் திரிந்தான். அவனுடைய கண்ணை யாரும் விசாரிக்கவில்லை. ஆகவே ஜான்சன் விலையுயர்ந்த மோட்டார் கார்களில் பறந்ததையும் மினுக்கியதையும் பற்றி என்னிடம் யாரும் நியாயம் பேச வேண்டாம்.

“அவர் மனைவியை அடித்தாரே” என்கிறார்கள். அடித்தார். எட்டா டுரியேயை மருத்துவமனைக்கு அனுப்பும் அளவுக்கு அடித்தார். 1912இல் அந்தப் பெண் தன்னையே சுட்டுக்கொண்டு இறந்தார். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது, படமும் அதை மறைக்கவில்லை. ஆனால் ஞாயிறன்று அந்த நண்பர் எட்டாவின் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை. அன்றைய அமெரிக்க நீதிமன்றமும் அவளுடைய காயங்களுக்காக ஜான்சனைத் தண்டிக்கவில்லை. பெண்களை விபசாரத்துக்காகக் கடத்துவதைத் தடுக்க 1910இல் கொண்டுவந்த ‘மான்’ (Mann) சட்டத்தை வளைத்து, ஜான்சனோடு பழகிய ஒரு வெள்ளைப் பெண்ணைச் சாட்சியாக நிறுத்தி, முழுக்க வெள்ளையர்களே இருந்த நடுவர் குழுவை வைத்து 1913இல் ஓர் ஆண்டும் ஒரு நாளும் சிறை என்று தீர்த்தார்கள். நாட்டை விட்டு ஓடிய அவர் 1915இல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டு என்ற வெள்ளையரிடம் இருபத்தாறாம் சுற்றில் பட்டத்தை இழந்து, 1920இல் திரும்பிவந்து, சிறைக்குப் போனார்.

பட்டம் வைத்திருந்தபோது சாம் லாங்ஃபோர்டு போன்ற சக கறுப்பு வீரர்களுக்கு ஜான்சனும் வாய்ப்புத் தரவில்லை என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். உண்மை. அதற்கு என்னிடம் பதில் இல்லை, மேலே போகிறேன்.

1946 ஜூன் 10 அன்று வட கரோலினாவில் நெடுஞ்சாலை விபத்தில் ஜான்சன் இறந்தார். வழியில் ஓர் உணவகத்தில் பின்கட்டில் உட்கார்ந்தால்தான் சாப்பாடு என்று சொன்னார்களாம். கோபத்தோடு வண்டியை விரட்டினாராம். அடங்கிப் பின்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கலாம் என்று இதற்கும் சொல்வீர்கள். சிகாகோவில் எட்டாவின் அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். கென் பர்ன்ஸும் செனட்டர் ஜான் மெக்கெயினும் வேறு பலரும் ஆண்டுக்கணக்கில் மன்றாடிய பின், 2018 மே மாதத்தில், தீர்ப்புக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, அவருக்கு மன்னிப்பு வழங்கினார்கள். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

நேற்றிரவு திரையிடலை நடத்திய நண்பர் தொலைபேசியில் அழைத்தார். நான் சொன்ன கருத்தில் பிழையில்லை என்றும், தொனியைக் கொஞ்சம் தணித்துக்கொண்டிருந்தால் எல்லோரும் கேட்டிருப்பார்கள் என்றும், பெரியவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவித்துவிட்டால் அடுத்த மாதத் திரையிடலுக்கு நானே அறிமுக உரை பேசலாம் என்றும் அன்போடு சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். காலையில் எழுந்து இந்தப் பதிவின் இணைப்பைத்தான் அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.