பெரி எஃப்.சி.யைச் சாகவிட்டவர்களை யார் கேட்டார்கள்?

"கடனை அடைக்க முடியாத கிளப் மூடத்தான் வேண்டும், அதுவும் ஒரு பிசினஸ்தானே?" இங்கிலாந்துக் கால்பந்து பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுகிறார். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தெருமுனை மளிகைக் கடையை மூடினால் அடுத்த கடைக்குப் போய்விடலாம். தாத்தா காலத்திலிருந்து ஒரே மைதானத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திய குடும்பத்திடம், "இனிமேல் மான்செஸ்டர் சிட்டிக்குக் கைதட்டு" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

மான்செஸ்டருக்கு வடக்கே இருக்கும் பழைய பஞ்சாலை ஊர் பெரி. அங்கே 1885-ல் தொடங்கிய கிளப்புக்கு கிக் லேன்தான் மைதானம். 1894-ல் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் சேர்ந்தது. 1900-ல் சவுத்தாம்ப்டனை 4-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை எடுத்தது. 1903-ல் மறுபடியும் கோப்பை, இந்த முறை இறுதிப் போட்டியில் டெர்பி கவுன்ட்டிக்கு 6-0. அந்தத் தொடர் முழுக்க ஒரு கோல்கூட வாங்கவில்லை! இறுதிப் போட்டியில் அந்த ஆறு கோல் வித்தியாசத்தை நூறு வருடங்களுக்கு மேல் யாராலும் எட்ட முடியவில்லை. 2019 மே மாதம் மான்செஸ்டர் சிட்டிதான் வாட்ஃபோர்டை 6-0 என்று அடித்து அதைச் சமன் செய்தது. அந்தச் சாதனையை முதலில் படைத்த பெரிக்காரர்கள் அடுத்த மூன்றே மாதத்தில் லீக்கிலிருந்து துரத்தப்பட்டார்கள்.

ஆட்டத்தில் தோற்று இறங்கியிருந்தால் நான் வாயே திறக்க மாட்டேன். 1929-ல் அன்றைய மேல் அடுக்கான முதல் டிவிஷனை விட்டு இறங்கிய பெரி அங்கே திரும்பவே இல்லை. கீழ் அடுக்குகளில் ஏறுவதும் இறங்குவதுமாகவே காலம் போனது. ஊர் அதைத் தாங்கிக்கொண்டது. ஆனால் 2019-ல் நடந்தது வேறு. சம்பளம் நேரத்துக்கு வராமலேயே ஆடி, பயிற்சியாளர் ரயன் லோவின் அணி நான்காம் அடுக்கான லீக் டூவில் இரண்டாம் இடம் பிடித்து மூன்றாம் அடுக்குக்கு ஏறியது. ஜெயித்த அணி அது. அதைத்தான் ஒழித்தார்கள்.

எப்படி என்று பாருங்கள். முந்தைய உரிமையாளர் ஸ்டூவர்ட் டே காலத்தில் கடன் ஏறிக்கொண்டே போனது. மைதானம் அடமானத்துக்குப் போனது. கார் நிறுத்தும் இடங்களைக்கூட முதலீட்டாளர்களுக்கு விற்றார்கள். 2018 டிசம்பரில் கிளப்பை ஸ்டீவ் டேல் வாங்கினார், ஒரே ஒரு பவுண்டுக்கு. பெரியில் ஒரு கால்பந்து கிளப் இருப்பதே தனக்குத் தெரியாது என்று பின்னால் அவரே வானொலியில் சொன்னார். சரி, அவரை விடுங்கள். கிளப்பை நடத்தப் பணம் இருக்கிறதா, அது எங்கிருந்து வருகிறது என்ற ஆதாரம் கைக்கு வராமலேயே கைமாற விட்ட, லீக்கை நடத்தும் இ.எஃப்.எல். நிர்வாகத்தை என்ன சொல்வது? உரிமையாளர்களுக்கென்று ஒரு தகுதிச் சோதனை வைத்திருக்கிறார்கள். யாரைத் தடுப்பதற்கு அந்தச் சோதனை? வீடு வாடகைக்குக் கேட்டால்கூடச் சம்பளச் சீட்டு கேட்கிற நாடு அது!

ஆகஸ்ட் 27 அன்று கிளப்பை வேறொரு நிறுவனம் வாங்கப்போகிறது என்ற நம்பிக்கையில், அடுத்த ஆட்டத்துக்கு மைதானத்தைத் தயார் செய்ய ரசிகர்கள் துடைப்பமும் வாளியுமாக கிக் லேனுக்கு வந்தார்கள். அவர்கள் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்த அதே நாளில் பேரம் முறிந்தது. அன்று இரவே இ.எஃப்.எல். கிளப்பை லீக்கிலிருந்து வெளியேற்றிவிட்டது. 125 வருட உறவு அதோடு முடிந்தது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அதே மாதம் மான்செஸ்டர் யுனைடெட் ஒரு தடுப்பாட்டக்காரருக்கு 80 மில்லியன் பவுண்டு கொடுத்தது. யுனைடெட் தர்மம் செய்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. தொலைக்காட்சிப் பணம் கொட்டும் விளையாட்டில் மேல் அடுக்கு அள்ளிக்கொண்டு கீழே சில்லறையை வீசுகிறது. அதனால்தான் கீழே இருக்கும் கிளப்புகள் கடனிலும், எவரென்றே தெரியாத முதலாளிகளிடமும் போய் விழுகின்றன. பெரியோடு இது நிற்கவும் இல்லை. அடுத்த வருடமே மேக்கிள்ஸ்ஃபீல்டு டவுன் கிளப் கலைக்கப்பட்டது. 2025-ல் ஷெஃபீல்ட் வென்ஸ்டே கிளப் திவால் நிர்வாகத்துக்குப் போய் 12 புள்ளிகளை இழந்தது. கணக்கைக் கெடுப்பவர் முதலாளி, புள்ளி போவது ஆடுகிறவர்களுக்கும் ரசிகர்களுக்கும்!

கால்பந்துக்கென்று தனி ஒழுங்குமுறை அமைப்பு வேண்டும் என்ற சட்டம் 2025-ல்தான் நிறைவேறியது. வரவேற்கிறேன். ஆனால் பெரிக்கு அது என்ன செய்யும்? மைதானத்தை மீட்க ரசிகர்கள் பணம் திரட்டினார்கள், அரசு நிதிக்கு அலைந்தார்கள், இரண்டாகப் பிரிந்து சண்டையும் போட்டார்கள், 2023-ல் ஒன்றுசேர்ந்து கிக் லேனுக்குத் திரும்பினார்கள். ஒன்பதாம் அடுக்கு ஆட்டத்துக்கு மூவாயிரம் பேருக்கு மேல் வந்து நின்றார்கள். 2025-ல் எட்டாம் அடுக்குக்கு ஏறியிருக்கிறார்கள். பழைய லீக்கை எட்ட அங்கிருந்து இன்னும் நான்கு அடுக்குகள் ஏற வேண்டும். கையெழுத்துப் போட்டு விற்றவர்களும் வாங்கியவர்களும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களும் செய்ததற்கு, டிக்கெட் வாங்கி வந்த இந்த ஜனங்கள் ஏன் அடியிலிருந்து ஏற வேண்டும்? பறித்த இடத்தை இ.எஃப்.எல். ஏன் திருப்பித் தரக் கூடாது?