பொது நிலமாம், பொது நிலம்!

பொது நிலம், பொது நிலம் என்று இன்னொருத்தன் என்னிடம் வந்து சொல்லட்டும். அவன் வீட்டு வாசலில் போகிற நடைபாதையில் கயிற்றுக்கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு, இதுவும் ஊருக்குப் பொதுதானே சார் என்று கேட்கப்போகிறேன். காபி வேண்டும் என்றும் கேட்பேன். சர்க்கரை கம்மியாக.

நவம்பர் சனிக்கிழமையில் நியூஜெர்சியின் அசன்பிங்க் ஏரிப் பக்கம், பொது வேட்டை நிலத்தில், ஃபெசன்ட் என்கிற நீளவால் கோழி வேட்டைக்குப் போனவர்களுக்கு முன்கதை எதுவும் தேவையில்லை. வேட்டைக்கு நடுவில் ஒருத்தன் புகுந்து, கேட்டால் பொது நிலம் என்று சொல்வது உங்களுக்கும் நடந்திருக்கும். நடக்கவில்லை என்றால் நீங்கள் இன்னும் சரியாகப் போக ஆரம்பிக்கவில்லை, அவ்வளவுதான். விடிவதற்கு முன்பே 195 நெடுஞ்சாலையை விட்டு இறங்கிப் போனாலும் மண் பார்க்கிங் நிரம்பியிருக்கும். பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்துபோட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள், எங்கே பார்த்தாலும் ஆரஞ்சுத் தொப்பி, நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக் குரைக்கும், ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து முறைப்பார்கள். கல்யாண வீட்டில் முதல் பந்தி முடிவதற்குள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும் கூட்டம்தான் இது, கையில் 12 கேஜ் துப்பாக்கி இருப்பது மட்டும் வித்தியாசம்.

இத்தனைக்கும் இடம் இல்லாமல் இல்லை. மான்மத், மெர்சர் என்று நம்மூர் மாவட்டம் மாதிரி இரண்டு கவுண்டியிலுமாக 6,000 ஏக்கருக்கு மேல் கிடக்கிறது. பெரிய ஏரியைத் தவிர ஸ்டோன் டேவர்ன், ரைசிங் சன் என்று இன்னும் இரண்டு ஏரி. நடந்தால் கால் ஓய்ந்துபோகும். ஆனால் யார் நடக்கிறார்கள்? எல்லாருக்கும் பார்க்கிங்கிலிருந்து கண்ணுக்குத் தெரிகிற அந்த நாலு வயல்தான் வேண்டும். சரி, சனிக்கிழமை கூட்டம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றால் அதுவும் முடியாது. இந்த மாநிலத்தில் ஞாயிற்றுக்கிழமை பொது நிலத்தில் துப்பாக்கியோடு கோழி வேட்டை கிடையாது. 2009-லிருந்து வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போனால் மட்டும் பரவாயில்லையாம். வில்லால் அடித்தால் ஞாயிறு புனிதம் கெடாது, தோட்டா பட்டால் கெட்டுவிடும். யோசித்து எழுதியவருக்கு ஒரு கும்பிடு. வாரம் முழுக்க ஆபீசில் குப்பை கொட்டுகிற எல்லாருக்கும் மிச்சம் இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான், அதனால் மொத்தப் பேரும் அந்த ஒரு நாளில் ஒரே வேலிப்புதரில் வந்து விழுகிறோம்.

அப்புறம் கோழி. இதில் காட்டுக்கோழி என்று கற்பனை எதுவும் வேண்டாம். பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் மருமகன் ரிச்சர்ட் பாஷ் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே இதே நியூஜெர்சியில் டெலவேர் ஆற்றங்கரையில் ஃபெசன்ட்டைக் கொண்டுவந்து விட்டுப் பார்த்திருக்கிறார். தங்கவில்லை. 1880-களில் ஷாங்காயில் அமெரிக்கக் கான்சல் ஜெனரலாக இருந்த ஓவன் டென்னி சீனத்திலிருந்து ஓரிகானுக்கு அனுப்பினாரே, அதுதான் அந்த மண்ணில் பிடித்துப் பெருகியது. இன்றைக்கு சவுத் டகோட்டாக்காரன் அதை மாநிலப் பறவை என்று வைத்துக்கொண்டு மீசையை முறுக்குகிறான். நமக்கோ ஹாக்கெட்ஸ்டவுன் பக்கத்து ராக்போர்ட் பண்ணையில் வளர்த்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 50,000 கோழிகளை வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து பொது நிலங்களில் திறந்துவிடுகிறார்கள். எந்தத் தேதியில் எந்த இடத்தில் என்று அட்டவணை வேறு. அதற்காக லைசென்ஸ் தவிர முத்திரை என்று 40 டாலருக்குத் தனி அனுமதிச் சீட்டு. கொடுக்கிறேன், மனசாரத்தான் கொடுக்கிறேன். வானத்தைப் பார்த்துக்கொண்டு நடக்க ஒரு சாக்கு வேண்டாமா.

இப்போது இந்த வாரத்து மகராசனுக்கு வருகிறேன்.

பாண்டி என் நாய். ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயின்டர், கோழி ஒளிந்திருக்கிற இடத்தை அசையாமல் நின்று காட்டிக்கொடுக்கிற இனம். அவனைப் பழக்க நான் பட்ட பாட்டை எழுதினால் தனித் தொடராகப் போகும், எங்கள் வீட்டு ஷூக்களில் பாதி அந்தப் பாட்டில் வீரமரணம் அடைந்தவை. அன்றைக்குக் கூட்டத்தை விட்டு விலகி, சோளத் தட்டை வரிசையைத் தாண்டி, ஏரிக்கு மேற்கே இருக்கிற பெரிய வேலிப்புதர் ஓரமாகக் காற்றுக்கு எதிரே போனோம். பண்ணைக் கோழிதானே, நின்று கொடுக்கும் என்று நினைக்காதீர்கள். ஃபெசன்ட் சேவலுக்குப் பறப்பதைவிட ஓடுவதில்தான் ஆசை அதிகம். வாசனை பிடித்த பாண்டி மோப்பத்தை விட்டும் பிடித்தும் போகிறான், நான் பின்னால். நடுவில் ஒரு வாய்க்கால், அதில் என் ஒரு கால் முழங்கால் வரை. அப்புறம் மல்டிஃப்ளோரா ரோஸ் முள். அந்த முள்ளையும் ஒரு காலத்தில் வேலிக்கு நல்லது, பறவைக்கு நல்லது என்று அரசாங்கமே நடச்சொன்னது. நட்டவர் யாரும் அதற்குள் இறங்கி நடந்திருக்க மாட்டார். பேன்ட் கிழிந்தது, காதில் ரத்தம், பாண்டி கவலைப்படவில்லை, அதனால் நானும் கவலைப்படவில்லை.

புதரின் முனையில் பாண்டி நின்றான். நின்றான் என்றால் சும்மா இல்லை. முன்கால் ஒன்று மடங்கி, வால் விறைத்து, மூக்கு ஒரே ஒரு புல்கொத்தைக் குறிவைத்து, மூச்சு விடுகிறானா இல்லையா என்றே தெரியாத நிற்றல். இதற்காகத்தான் மனுசன் இந்தப் பைத்தியக்காரத்தனத்தை எல்லாம் செய்கிறான். சுடுவது, சமைப்பது எல்லாம் அப்புறம்.

இனிமேல் மெதுவாகச் சொல்கிறேன், நிதானமாகக் கேளுங்கள். நாய் நிற்கிறது. நாய்க்குக் கொஞ்சம் பின்னால் வலது பக்கம் நான். நாய்க்கு முன்னால் புல். புல்லுக்குள் கோழி. வேறு யாரும் இல்லை, இருக்கக்கூடாது. நான் பக்கவாட்டில் சுற்றிப்போய்ப் புல்லை உதைக்க வேண்டும், கோழி எழும்பும், அதற்குப் பின்னால் வானம் தெரிந்தபிறகுதான் சுட வேண்டும், நாய் நிற்கிற உயரத்துக்குச் சுடவே கூடாது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் 10 வயதுப் பையனுக்கே இதைச் சொல்லித்தருகிறார்கள். நான் ஒரு அடி எடுத்து வைக்கிறேன். இடது பக்கம் சரசரவென்று சத்தம். மான் என்று நினைத்தேன். மானாக இருந்திருந்தால் விவரம் இருந்திருக்கும், விலகிப் போயிருக்கும்.

வந்தது ஐயா. காலையில் பிக்கப் பின்கதவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த அதே ஆள். அவரிடம் நாய் கிடையாது. நாய் எதற்கு, என்னுடையதுதான் இருக்கிறதே. நான் வாய்க்காலில் விழுந்ததையும் முள்ளில் கிழிந்ததையும் வயலின் அந்தப் பக்கம் காய்ந்த பாதையில் நடந்தபடியே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். இப்போது அவசரமே இல்லாமல் எனக்கும் நாய்க்கும் நடுவில் நுழைகிறார். நடுவில்! நான் நில்லுங்கள் என்பதற்குக் கையைத் தூக்குகிறேன். அவர் பதிலுக்குக் கையசைக்கிறார். குட்மார்னிங்காம்! சிரிக்கிறார் வேறு! சிரித்துக்கொண்டே, அசைத்த அந்தக் கையைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோய், பூட்ஸ் காலால் என் நாயின் மூக்குக்கு முன்னால் இருக்கிற புல்லை ஒரு உதை.

பாண்டி அசையவில்லை. அந்த இடத்தில் இருந்த மூன்று பேரில் ஒழுக்கம் தெரிந்த ஒரே ஜீவன் அவன்தான். நான் வாய்க்குள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தேன், அதை இங்கே எழுத முடியாது, மதுரைக்காரர்கள் தாங்களாகவே நிரப்பிக்கொள்ளலாம்.

சேவல் எழும்பியது. கக்கக்கென்று கத்திக்கொண்டு, கழுத்தில் அந்த வெள்ளை வளையம், பின்னால் முழ நீள வால், வெயிலில் செம்பு நிறம் தகதகவென்று, என் தலைக்கு மேலே, எனக்கென்றே அளவெடுத்துப் பறந்தது. நான் சுடவில்லை. எப்படிச் சுட? குறிக்கு நடுவில் ஐயா நிற்கிறார். அவர் சுட்டார். முதல் வெடி வானத்துக்கு. இரண்டாவது ஏரிக்கு. இந்த மாநிலத்தில் துப்பாக்கியில் மூன்று தோட்டாவுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால் இன்னும் ஒன்றுதான் மிச்சம், கடவுளே அதுவும் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாவது பட்டது. பட்டுத் தொலைத்தது. அதே நேரத்தில் வயலுக்கு அந்தப் பக்கம் எவனோ எதற்கோ சுட்ட ரவை என் தொப்பியில் பொலபொலவென்று உதிர்ந்தது, அதற்குக் கோபப்படக்கூட எனக்கு அப்போது கை ஒழியவில்லை.

கேட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாகத்தான் கேட்டேன், நாய் என்னுடையது, அது நிற்பதைப் பார்த்தீர்கள்தானே என்று. பார்த்தாராம். அருமையான நாயாம். வாழ்க்கையில் இவ்வளவு அழகாக ஒரு நாய் நின்று பார்த்ததில்லையாம். சரி ஐயா, அப்புறம் ஏன் அதன் முன்னால் போய் உதைத்தீர்கள் என்றால், தோளைக் குலுக்கிக்கொண்டு, "பொது நிலம், நண்பா" என்கிறார்.

நண்பனாம்!

நிலம் பொது, சரி. ஏரி பொது, சரி. கோழிகூடப் பொது, ஒத்துக்கொள்கிறேன், 40 டாலர் நீங்களும் கொடுத்திருப்பீர்கள். நாய் எப்போது பொதுவானது? அதற்கு மாசாமாசம் ஊசி போட்டது நீங்களா? ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தால் எழுந்து துடைத்தது நீங்களா? இன்னொருத்தர் நாய் நிற்கிற இடத்துக்குள் போகக்கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, அடுத்தவன் இலையிலிருந்து அப்பளத்தை எடுக்கக்கூடாது என்றும்தான் எழுதியில்லை. வேட்டை அதிகாரி வந்தாலும் என்ன செய்வார்? லைசென்ஸ் இருக்கிறது, முத்திரை இருக்கிறது, தொப்பி இருக்கிறது. வெட்கம் இருக்கிறதா என்று பார்க்க அவருக்கு அதிகாரம் இல்லை.

இதையெல்லாம் ஆங்கிலத்தில் எந்த வரிசையில் சொல்வது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் பாண்டி கோழியைக் கவ்விக்கொண்டு வந்தான். இறகு கலையாமல், கடி படாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே, தலையை நிமிர்த்திக்கொண்டு. வந்தான், என்னைத் தாண்டினான், ஐயாவின் காலடியில் போய் உட்கார்ந்தான். கோழியை அவர் கையில் கொடுத்தான். அவர் பையிலிருந்து ஒரு துண்டு உப்புக்கண்டம் எடுத்துக் கொடுத்தார். அவன் வாலை ஆட்டினான். இன்னொன்று கிடைக்குமா என்று பார்த்தான். கிடைத்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன செய்ய? ஐயாவும் சிரித்தார். ஏரியிலிருந்த கனடா வாத்துகளும் சிரித்த மாதிரிதான் கத்தின. அதற்கப்புறம் மத்தியானம் வரை சுற்றினோம், ஒரு பெட்டைகூட எழும்பவில்லை, பாண்டி மட்டும் அடிக்கடி பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான், அந்த ஆள் வருகிறாரா என்று.

வீட்டுக்கு வந்தால் மனைவி காதில் மருந்து போட்டுவிட்டு, "ஏங்க, காஸ்ட்கோ கடைல வறுத்த கோழி 4.99 டாலர், அங்க யாரும் நடுவுல பூந்து வாங்க மாட்டாங்க" என்கிறாள். அங்கேயும் ட்ராலியை விட்டு நடுவில் நுழைவார்கள் என்று அவளுக்கும் தெரியும், என்னைச் சீண்டத்தான் சொன்னாள். போனில் மாமாவிடம் சொன்னேன். அவருக்கு முதலில் நான் துப்பாக்கி தூக்கிக்கொண்டு போவதே பயம், நம்மூரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கப்புறம் காட்டுக்கோழி மேல் கைவைத்தால் கம்பி எண்ண வேண்டும், அங்கே கேஸ் போட மாட்டார்களா என்று ஒவ்வொரு வருஷமும் கேட்பார். இந்தத் தடவை முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த ஆளு பாதிக் கறியாவது குடுத்தாரா மாப்ள?" என்றார். இல்லை மாமா. குடுக்கவில்லை. கையசைத்தார்.

சரி போகட்டும், தூங்கியாவது தொலைக்கலாம் என்று படுத்தால், மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு எதிர்வீட்டுக்காரர் இலை ஊதுகிற மெஷினை எடுத்துவிட்டார். துப்பாக்கி வெடித்தால்தான் ஞாயிறு கெடும், இது கெடுக்காது போல. ஒரு மணி நேரம். ஒரே மரம். அந்த மரத்து இலை மொத்தத்தையும் தெருவைத் தாண்டி என் வாசலுக்கு ஊதிவிட்டு, ஜன்னலில் என்னைப் பார்த்ததும் அவரும் கையசைக்கிறார்.