இஸ்லாமிய வங்கி சும்மா கடன் தருகிறதா?

“மலேசியாவில் இஸ்லாமிய வங்கியில் கடன் வாங்கினால் வாங்கிய தொகையை மட்டும் கட்டினால் போதும். ஆனால் முஸ்லிம்களுக்கு மட்டும்தான்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

வட்டி இல்லை என்பது சரி. லாபம் இல்லை என்று யார் சொன்னது? முராபஹா முறையை எடுத்துக்கொள்வோம். 50,000 ரிங்கிட் காரை வங்கி வாங்கி, உங்களுக்கு 60,000க்கு விற்கிறது. மாதம் 1,000 வீதம் 60 மாதம் கட்ட வேண்டும். கூடுதல் 10,000 வங்கியின் லாபம். அது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ரொக்கம் வேண்டுமென்றால் இன்னும் வேடிக்கை: வங்கி உங்களுக்குப் பாமாயிலைத் தவணைக்கு விற்கும், உங்கள் சார்பில் அதை வேறொருவருக்கு உடனடி விலைக்கு விற்றுப் பணத்தைக் கையில் தரும். எண்ணெயை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்க மாட்டீர்கள். இதற்கென்றே மலேசியப் பங்குச் சந்தை 2009இல் ஒரு வணிகத் தளம் தொடங்கியது. ‘இது வட்டிக்கு வேறு பெயர்தானே’ என்று கேட்கும் இஸ்லாமிய அறிஞர்களும் உண்டு. அந்த விவாதம் இன்னும் ஓயவில்லை.

அப்புறம் ‘முஸ்லிம்களுக்கு மட்டும்’ என்ற பேச்சு. மலேசியாவில் 1983இல் முதல் இஸ்லாமிய வங்கி திறந்தது. 1993இலிருந்து வழக்கமான வங்கிகளும் இந்தச் சேவையைத் தரத் தொடங்கின. சீனர், தமிழர் யாரும் கணக்குத் தொடங்கலாம், கடனும் வாங்கலாம். கையெழுத்துப் போடும் முன் மொத்த விற்பனை விலை எவ்வளவு என்று பாருங்கள்.